சமணமலைக்குக் கூட்டிப்போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகக் கூட்டிப்போய்க் கல்வெட்டும் சிற்பமும் காட்டுவது நல்ல காரியம். ஆனால் கட்டணம் இல்லை என்றால் ஆள் கணக்கும் இல்லை என்றாகிவிடுகிறது. கீழக்குயில்குடிச் சமணமலையில் நூறு பேரை ஒரே வரிசையாக ஏற்றினால் முன்னால் நிற்கும் இருபது பேர்தான் எதையாவது பார்ப்பார்கள். மற்றவர்கள் செல்ஃபியோடு இறங்கிவிடுவார்கள்.

மலைமேல் இருக்கும் பேச்சிப்பள்ளத்தில் எட்டுச் சமணச் சிற்பங்களும் ஒரே பாறையில் வரிசையாக இருக்கின்றன. எதிரே நிற்கத்தான் இடம் போதாது. 25 பேரைத் தாண்டினால் பின்வரிசைக்காரர் கால் சரிவில் இருக்கும். காலை 6 மணிக்கு அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் செட்டிப்புடவு என்ற குகைக்கும் மற்றதைப் பேச்சிப்பள்ளத்துக்கும் அனுப்பி, பிறகு மாற்றிக்கொள்ளலாம். 9 மணிக்குள் எல்லோரும் கீழே இருக்க வேண்டும். அதற்குமேல் பாறை சுடும். கடைசி ஆளுக்குப் பின்னால் முதலுதவிப் பையோடு ஒருவர் வரட்டும். அவர் வந்து சேரும்வரை விளக்கம் சொல்பவர் வாய் திறக்கக் கூடாது.

பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் கீழே இருக்கும் வட்டெழுத்துகள் (தமிழின் பழைய எழுத்து வடிவம்) சுமார் ஆயிரம் ஆண்டு பழையவை, ஆழமில்லாமல் வெட்டப்பட்டவை. வெளிச்சம் நேராக அடித்தால் அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. உடனே யாராவது சாக்பீஸை எடுப்பார், அல்லது பாட்டில் தண்ணீரை ஊற்றுவார். சுண்ணப்பொடி வெட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதைத் தேய்த்துக் கழுவக் கழுவ எழுத்தின் விளிம்பு மழுங்கும். எண்ணெய் என்றால் தூசி ஒட்டிக் கறுத்துவிடும். இது எதுவும் தேவையில்லை. ஒருவர் குடையால் நிழல் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் போதும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பக்கம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

அப்படிப் படித்துக் காட்ட வேண்டிய வரிகளில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி, அதாவது சிலை, என்பது. ஒரு பெண்ணின் பெயர் கல்லில் நிற்கிறது! சமணரைக் கழுவேற்றிய கதையை அரை மணி நேரம் சொல்கிறவர்கள் இந்த அம்மாளை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். செட்டிப்புடவிலும் இப்படித்தான். வாசலில் இருக்கும் பெரிய மகாவீரர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் சிங்கத்தின் மேலிருந்து, யானைமேல் வரும் வீரனோடு போரிடும் பெண் தெரிவாள். ஊரார் அந்த மகாவீரரைத்தான் செட்டியார் என்று சொல்லிவந்தார்கள். புடவு என்றால் குகை. பெயர்க் காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பாறை இடுக்கில் மலைத்தேனீக்கூடு இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துவிடுங்கள். இருந்தால் மைக், பட்டாசு, புகை எதுவும் கூடாது. அத்தர் பூசி வருகிறவரைக் கீழேயே நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அடிப்பகுதி வழுவழுப்பாகத் தேயாத ரப்பர் செருப்பு. விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள், அதுவும் பேசிக்கொண்டே இறங்கும்போது. மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும். அன்றைக்கு நடையை ரத்து செய்யத் தயங்க வேண்டாம். இலவசம்தானே, யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகமலைப் புதுக்கோட்டை.