மௌனம் சம்மதம் அல்ல: ரீமிக்ஸ் சவால் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஃபேன்ஃபிக் (பிடித்த படைப்பின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) ரீமிக்ஸ் சவால்களை, அதாவது ஒருவர் எழுதிய ஃபிக்கை இன்னொருவர் தன் பாணியில் மாற்றி எழுதும் சவால்களை, நடத்தும் மாடரேட்டர்களுக்கு வணக்கம்.

உங்களில் சிலர் விதிமுறைகளில் இப்படி ஒரு வரி வைத்திருக்கிறீர்கள்: "மூலக்கதை எழுதியவரிடம் கேளுங்கள், இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் எழுதத் தொடங்கலாம்." அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். "நாமே அடுத்தவர் பாத்திரங்களை வைத்துத்தானே எழுதுகிறோம், அவரிடம் கேட்டோமா?" நியாயமான கேள்விதான். ஆனால் கேனனை, அதாவது நாம் பாத்திரங்களை எடுக்கும் அசல் படைப்பை, படைத்தவருக்குப் பதிப்பகம் உண்டு, வக்கீல் உண்டு. நம் ஃபிக்கைப் படித்துவிட்டு யாரும் அவரைச் சந்தேகப்படப் போவதில்லை. இருநூறு பேர் படிக்கும் ஃபிக் எழுதியவர் கதை வேறு. ரீமிக்ஸ் பிரபலமாகிவிட்டால், அவர்தான் காப்பியடித்தார் என்று அவருக்கே கமெண்ட் போடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கு என்றும் சொல்ல வரவில்லை. காபி ஷாப் ஏயு (ஏயு என்றால் அதே பாத்திரங்களை வேறொரு உலகில் வைக்கும் கதை), சோல்மேட் ஏயு, ஒரே கட்டில் இருக்கும் லாட்ஜ் அறை எல்லாம் பொதுச்சொத்து. மனிதர்களை ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்று பிரிக்கும் ஒமேகாவெர்ஸ் என்ற கற்பனை உலகம் 2010 வாக்கில் ரசிகர் வட்டத்தில் பலர் கைபட்டு வளர்ந்தது. அதை வைத்து விலைக்கு நாவல் எழுதிய ஒருவர் தரப்பு 2018இல் இன்னொருவர் மீது காப்பிரைட் புகார் கொடுக்க, விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. அந்தக் கூத்து நமக்கு வேண்டாம். யோசனையை மட்டும் எடுத்தால் ஒரு நன்றி போதும்.

கேட்டே ஆக வேண்டியது, ஃபிக் எழுதியவர் தானே உருவாக்கிய சொந்தப் பாத்திரங்களுக்கு. தலைமையாசிரியருக்கு ஒரு தங்கை உண்டு என்று கேனனில் ஒரே வரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிக் எழுதியவர் அவளுக்கு ஒரு பெயர் வைக்கிறார். இடது காது கேட்காது என்கிறார். அதனால் எங்கே போனாலும் எல்லோரும் தன் வலப்பக்கம் இருக்கும்படி வரிசையின் இடது ஓரத்தில் உட்காருகிறாள். தங்கை பொது. பெயரும் காதும் அந்த ஓர இருக்கையும் அவருடையவை. பெயரை மாற்றிவிட்டு மற்ற இரண்டை வைத்துக்கொண்டாலும் எடுத்தது எடுத்ததுதான். சொல்லாமல் எடுத்தால், அடுத்தவர் அதைக் கேனன் என்றே நம்பி எடுப்பார். நாலாவது கைக்குப் போகும்போது மூலம் யாருக்கும் தெரியாது. இதே பாத்திரம் பின்னாளில் பெயர் மாறி விற்பனை நாவலுக்குள் போவதென்றால், ரீமிக்ஸுக்கு வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது.

அதிகம் எழுதப்படும் ரீமிக்ஸ், அதே காட்சியை இன்னொருவர் பார்வையில் சொல்வது. அதிகச் சண்டை வருவதும் அதில்தான். வசனங்கள் அப்படியே வராவிட்டால் காட்சி ஒட்டாது. ஆகவே எந்தக் காட்சி, ஏறக்குறைய எத்தனை வரி வசனம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். வசனம் மூலத்திலிருந்து வந்தது என்று தொடக்கக் குறிப்பில் போட வேண்டும். வசனங்களுக்கு நடுவே உள்ள வர்ணனையில் ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாது.

பாதியில் நிற்கும் கதையைத் தொடர்வதில் நாங்கள் கறார். மூன்று வருடமாக அப்டேட் இல்லை என்பதால் அவர் கைவிட்டார் என்று ஆகாது. சரி என்று அவர் எழுதித் தராமல் அடுத்த அத்தியாயம் கிடையாது.

கேட்பதற்கு முன் அவர் ப்ரொஃபைலைப் படிக்கச் சொல்லுங்கள். "ரீமிக்ஸ் செய்யலாம், லிங்க் கொடுத்தால் போதும்" என்று பலர் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால், அங்கே தந்திருக்கும் முகவரிக்குத் தனியாக எழுதுவது நல்லது. கமெண்டில் கேட்டால் ஊரே பார்க்கும், மறுக்க அவருக்குச் சங்கடம். எந்தக் கதை, எதை எடுக்கிறோம், ஜோடி மாறுமா, யாராவது சாகிறார்களா, ரேட்டிங் (எந்த வயதினருக்கானது) என்ன, எங்கே பதிவேறும் என்பதெல்லாம் முதல் மடலிலேயே இருக்கட்டும். 'உங்கள் கதை பிடித்தது, ரீமிக்ஸ் பண்ணட்டுமா' என்று கேட்டு வாங்கிய சம்மதம், பின்னால் அவருடைய செல்லப் பாத்திரம் செத்துப்போனதும் சண்டையாகிவிடுகிறது.

ஏஓ3 (Archive of Our Own) என்ற ஃபேன்ஃபிக் தளத்தில் பதிவேற்றுகிறவர்கள், இது வேறொரு படைப்பிலிருந்து வந்தது என்ற பெட்டியை டிக் செய்து மூலத்தின் லிங்கைப் போட வேண்டும். மூலம் எழுதியவருக்கு அறிவிப்பு போகும். அவர் ஒப்புக்கொண்டால்தான் அவர் பக்கத்தில் உங்கள் கதை காட்டப்படும். இந்த அறிவிப்பை அனுமதி கேட்டதாகக் கணக்கில் எடுக்காதீர்கள், அது போகும்போது கதை ஏற்கெனவே வெளியாகியிருக்கும். மூலம் பின்னால் அழிக்கப்பட்டால் லிங்க் பயன்படாது, எனவே தலைப்பும் பெயரும் குறிப்பிலும் இருக்கட்டும். எழுதியவர் கதையை 'ஆர்ஃபன்' செய்திருந்தால், அதாவது கதையைத் தளத்தில் விட்டுவிட்டுத் தன் கணக்கிலிருந்து பிரித்திருந்தால் மட்டும் பழைய பெயரைப் போடாதீர்கள். அந்தப் பெயரை நீக்கத்தான் அவர் அப்படிச் செய்தார்.

அடுத்த சவாலின் பதிவுப் படிவத்தில் யோசனை, சொந்தப் பாத்திரம், வசனம், தொடர்ச்சி என்று நாலு பெட்டிகளைத் தனித்தனியாக வையுங்கள். சேருகிறவர் தன் கதைகளில் எதை எடுக்கலாம் என்று அங்கேயே டிக் செய்யட்டும். சவாலில் சேராதவர் கதை வேண்டுமென்றால், அவர் அனுப்பிய பதிலை மாடரேட்டரிடம் காட்டிய பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ரீமிக்ஸ் எழுதுகிறவர்களும் எழுதப்படுகிறவர்களும்