சத்தமாகச் சிரித்துவிட்டேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாரத்துக்கு இரண்டு நாள் என் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். போய் உட்கார்ந்தால் நாலு மணி நேரம். சென்ற வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கட்சித் தலைவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவரையும் பிடிக்காது, அவர் கட்சியையும் பிடிக்காது. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு துணுக்கு அனுப்பினார். படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"என்னங்க சிரிப்பு? எனக்கும் சொல்லுங்க" என்றாள் மனைவி, ஊசி குத்திய கையை அசைக்காமல்.

சொல்ல முடியவில்லை. துணுக்கே கிட்னியைப் பற்றியதுதான். "ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம்" என்று சமாளித்தேன். நான் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது.

பக்கத்துக் கட்டிலில் அந்தத் தலைவரின் கட்சிக்காரர் ஒருவர். கரை வேட்டியில்தான் வருவார். டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் படுத்திருந்தார். என் சிரிப்பு அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"செஞ்ச பாவம் சும்மா விடுமா" என்பதுதான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலானோர் எழுதியது. ஒருவர் குறளையே துணைக்கு இழுத்திருந்தார்: முற்பகல் செய்தது பிற்பகல் வருகிறதாம். அப்படியானால் ஆட்சிக்கு வந்து இரண்டு வருஷம்கூட முழுதாக முடியாமல், புற்றுநோயால் 59 வயதில் போனாரே அண்ணா, அவர் செய்த பாவம் என்ன? என் மனைவி செய்தது என்ன? நாற்பது வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தலைவர்மீது எனக்குச் சொந்தக் கோபமே உண்டு. அது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். அவர் செய்ததற்குச் சட்டசபையிலும் கோர்ட்டிலும் ஓட்டுப்பெட்டியிலும் பதில் சொல்லட்டும். ஆனால் அவர் படுக்கையில் விழுந்ததும் நாம் என்ன செய்கிறோம்? தண்டனை கிடைத்துவிட்டது, கணக்கு தீர்ந்தது என்று நம் கையாலேயே ரசீது போட்டுக் கொடுத்துவிடுகிறோம். குணமாகி வந்தபின் எந்த முகத்தோடு பழைய பாக்கியைக் கேட்பது?

பெரியார் ராஜாஜிக்காக அழுத கதையை எல்லாரும் எடுத்துவிடுவார்கள். நான் எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். 1967 தேர்தல், விருதுநகர். எனக்கு எட்டு, ஒன்பது வயது. அப்பா காமராஜர் பக்கம். எதிர்வீட்டு மாமா தி.மு.க.; அவர் மேடையில் பேசிய பேச்சைத் தாங்கள் அச்சிட மாட்டீர்கள். பிரசாரத்துக்கு நடுவில் காமராஜர் கார் விபத்தில் அடிபட்டுப் படுத்துவிட்டார். சேதி வந்த அன்று சாயங்காலம் அந்த மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஐயாவுக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார். அப்பா உள்ளே கூப்பிடவில்லை. திண்ணையில் இடம் மட்டும் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் விடியுமுன் அதே மாமா காவி வாளியும் மட்டையுமாகச் சுவரெழுத்துக்குக் கிளம்பிவிட்டார், காமராஜரைத் தோற்கடிக்கத்தான். தோற்கடித்தும் விட்டார்கள், 1,285 ஓட்டில்.

அந்தத் தேர்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்த எம்.ஜி.ஆர்., கட்டுப் போட்ட படத்தோடு ஊரெல்லாம் சுவரொட்டியில் நின்றார். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். காயம் ஓட்டாகும் என்று கட்சிகள் அப்போது கற்றுக்கொண்டன என்பேன். அதிலிருந்து யார் படுத்தாலும் எதிர்த்தரப்புக்கு முதல் சந்தேகம், "அனுதாப ஓட்டுக்கு நாடகமோ?" என்பதுதான். பாதி வக்கிரம் இந்தப் பயத்தில் பிறப்பது.

கிட்னி என்றதும் வாஜ்பாயி ஞாபகம் வருகிறது. எதிர்க்கட்சியில் இருந்த அவருக்குச் சிறுநீரகக் கோளாறு; அமெரிக்காவில் சிகிச்சை வேண்டியிருந்தது. பிரதமர் ராஜீவ் காந்தி அவரை ஐ.நா.வுக்குப் போகும் குழுவில் சேர்த்து, அங்கேயே வைத்தியமும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ராஜீவ் மறைந்தபின் இதை வெளியில் சொன்னவர் வாஜ்பாயியேதான். அதற்காக பா.ஜ.க. ராஜீவ் மீதான போஃபர்ஸ் பீரங்கி பேர விவகாரத்தை விட்டுவிட்டதா என்ன?

2016-ல் ஜெயலலிதா 75 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாநிலத்தை ஆள்பவருக்கு என்ன உடம்பு என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்பது வேறு, உட்கார்ந்து நாள் எண்ணுவது வேறு. அப்போது எங்கள் தெரு டீக்கடையில் இரண்டும் நடந்தது. 2018-ல் கருணாநிதியைப் பார்க்க முதல்வர் பழனிசாமி ஆஸ்பத்திரிக்கே வந்து போனார். அடுத்த வாரம் கருணாநிதி மறைந்ததும், மெரினாவில் அடக்கம் செய்ய இடமில்லை, சட்டச் சிக்கல் என்றது அதே அரசு. இரவோடு இரவாக உயர்நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. நலம் விசாரித்தது வெறும் சம்பிரதாயந்தானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எதிர்வீட்டு மாமா வாசலில் நின்றபோது அப்படித் தோன்றவில்லை.

டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. அப்போது மறுபடியும் கேட்டாள், "ஆபீஸ்ல அப்படி என்னதான் நடந்துச்சு?"

துணுக்கு அனுப்பிய நண்பர் நல்லவர். இவளுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது மகனோடு வந்து கொடுத்துவிட்டுப் போனவர். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, தங்களுக்கு எழுதுகிறேன். அவரும் தங்கள் வாசகர்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
விருதுநகர்.