செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பறவைச் சங்கத்தின் பொது நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை மாதங்கள் நீங்கலாக மாதக் கூட்டங்கள் நடந்தன. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு இ-பேர்டு என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல்கள் ஏற்றினோம். பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை நடை நடந்தது. பர்லியார் பயணம் மழையால் தள்ளிப்போனது.

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் இரவு அடைய வரும் கிளிகளை எண்ணும் மாலைக் கிளிக் கணக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே பூங்காவில் நின்று கிளி எண்ணுவதற்குப் பதில் முதுமலைக்கு ஒரு வண்டி பிடித்திருக்கலாமே என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். முதுமலைக்கு யார் வேண்டுமானாலும் எந்த வாரமும் போய்வரலாம். ஊருக்கு நடுவே, 1874-இல் உருவான ஒரு பூங்காவில், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலப் பைங்கிளி அடைய வருகிறது. அதை ஒரே இடத்தில், ஒரே முறையில், வாரம் தவறாமல் எண்ணிவைக்க குன்னூரில் இருப்பவர்களை விட்டால் யார் வருவார்கள்?

புதிய உறுப்பினர்களுக்காக முறையைச் சொல்கிறேன். பூங்கா பள்ளத்தாக்கில் சரிவாக இறங்குவதால் ஒரே இடத்தில் நின்று முழு வானத்தையும் பார்க்க முடியாது. ஆகவே இரண்டு நிலைகள்: மேல் வாசல் பக்கம் ஒன்று, கீழே குளத்துப் பக்கம் ஒன்று. நிலைக்கு இருவர். ஒருவர் கண்ணை வானத்திலிருந்து எடுக்கக் கூடாது. மற்றவர் எழுத வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, மறைந்து கால் மணி நேரம் வரை நிற்க வேண்டும். கடிகார நேரத்தை நிலையாக வைக்க முடியாது. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; ஜூலையில் ஏழை நெருங்கும். ஆண்டு முழுக்க ஐந்தரைக்கே வந்து நின்றால் ஜூலையில் பாதிக் கிளி வருவதற்குள் கிளம்பிவிடுவோம்.

ஒவ்வொரு நிலையிலும் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டு, அதைத் தாண்டி உள்ளே வருபவற்றை ஒரு பத்தியிலும் வெளியே போகிறவற்றை இன்னொரு பத்தியிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிறோம். உட்கார்ந்திருப்பவற்றை எண்ணுவதில்லை. பச்சை இலைக்குள் பச்சைக் கிளியை எண்ணினால் தப்பாகத்தான் வரும். அதோடு, அடைவதற்கு முன் உயர்ந்த மரங்களின் உச்சியில் கூடி, எழுந்து, சுற்றி மறுபடி உட்காருவதால் ஒரே கிளி மூன்று முறை கணக்கில் ஏறும். பெரிய கூட்டமாக வந்தால் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தைக் கொண்டு மீதியைப் பத்துப் பத்தாக அளக்க வேண்டும். இரு நிலைகளின் கைபேசிக் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். கீழே நுழைந்த கூட்டம் மேல் வழியாக வெளியேறிவிட்டால் அதைக் கழிக்க வேறு வழியில்லை.

இனம் பிரிப்பதில்தான் அதிகக் குழப்பம். வெளிச்சம் இருக்கும்போது சிக்கலில்லை. நீலப் பைங்கிளிக்குச் சாம்பல் தலை, நீலச் சிறகு, நுனி மஞ்சளான நீல வால். ஆணுக்கு மேல் அலகு சிவப்பு, கழுத்தின் கருப்பு வளையத்தை ஒட்டி நீலப்பச்சைப் பட்டை. பெண்ணுக்கு அலகு கருப்பு, அந்தப் பட்டை கிடையாது. பூங்காவில் வரும் இன்னொரு இனமான செந்தலைக் கிளியில் ஆணின் தலை நாவல் கலந்த சிவப்பு, தோளில் சிவப்புத் திட்டு, வால் நுனி வெள்ளை. பெண்ணுக்குச் சாம்பல் தலை, மஞ்சள் கழுத்து. இரண்டின் இளம்பறவைகளுக்கும் தலை பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சமவெளியின் செந்தார்ப் பைங்கிளி வந்துவிட்டதாக எழுதுகிறார்கள். கழுத்து வளையம் இல்லாத பச்சைத் தலை என்பதை மட்டும் வைத்து அப்படி எழுதக் கூடாது. இருட்டத் தொடங்கியதும் நிறம் போய்விடும், குரல்தான் துணை. செந்தலையின் குரல் மென்மையாக, கேள்வி கேட்பதுபோல் மேலேறி முடியும். நீலப் பைங்கிளியுடையது கரகரப்பான கீச்சு. இரண்டும் கேட்காவிட்டால் 'இனம் தெரியவில்லை' என்ற பத்தி அதற்காகவே இருக்கிறது, அதில் தயங்காமல் எழுதுங்கள். எல்லாவற்றையும் 'பச்சைக்கிளி' என்று ஒரே வரியில் எழுதிய தாள்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவற்றை எழுதியவர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனாலும் சேர்க்க முடியாது.

மஞ்சு இறங்கி கோடு தெரியாமல் போனால் 'பார்க்க முடியவில்லை' என்று எழுத வேண்டும், பூஜ்யம் போடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் பல வாரங்கள் இப்படிப் போயின. பூஜ்யம் போட்டிருந்தால் அந்த மாதங்களில் கிளியே இல்லை என்று ஆகியிருக்கும். பனியில் பேனா மை ஊறிப் பரவும். பென்சில் கொண்டு வாருங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை எண்ணிக்கை இறங்கியதைக் கண்டு சிலர் பதறினார்கள். அது நீலப் பைங்கிளி முட்டையிடும் காலம். பெண் கிளி மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்தில் அடைகாத்துக்கொண்டிருக்கும், அடையும் மரத்துக்கு வராது. பட்டுப்போன மரங்களை ஆபத்தில்லாத இடங்களிலாவது வெட்டாமல் விட வேண்டும் என்று நாம் கேட்பதும் இந்தப் பொந்துகளுக்காகவே.

மே மாதம் பற்றித்தான் மனம் ஆறவில்லை. அப்போது பூங்காவில் நடக்கும் பழக்காட்சியின் கூட்டமும் ஒலிபெருக்கியும் கிளிகளை விரட்டிவிடுகின்றன என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். அதே பருவத்தில் தேயிலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் பூத்திருக்கிறது; தேனுக்காகக் கிளிகள் அங்கே போகின்றன. பூங்காவில் குறைந்தது சத்தத்தாலா, பூவாலா? காட்சிக்கு முந்தைய வாரம், காட்சி வாரம், பிந்தைய வாரம் மூன்றிலும் இரு நிலைகளிலும் ஆள் நின்றிருந்தால் ஓரளவாவது பதில் கிடைத்திருக்கும். முறைப்பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் அந்த வாரங்களில் வரவில்லை. வரவில்லை என்று முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. ஒரு நிலை மட்டும் எடுத்த கணக்கில் கடந்து போன கிளிகளும் அடைந்தவையாக விழும். ஆகவே மே மாதப் பக்கம் எதற்கும் பயன்படாது. போன மாலையை மறுபடி எண்ண முடியாது. விருந்தாளிகள் வந்திருப்பார்கள், உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும், அதெல்லாம் புரிகிறது. முதல் நாள் ஒரு செய்தி அனுப்பியிருந்தால் வேறொருவரை நிறுத்தியிருக்கலாம்.

பூங்காவில் தானியத் தட்டு வைக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அரிசிக்கு முதலில் வருவது குரங்கும் எலியும். இறகையும் அலகையும் சிதைக்கும் வைரஸ் நோய், பல கிளிகள் ஒரே தட்டில் கூடும்போது எளிதில் பரவும். தீவனத்துக்குக் கூடியவற்றை எண்ணினால் அது அடையும் கிளிகளின் கணக்காகவும் இராது. கூண்டுக் கிளி பற்றிக் கேட்பவர்களிடம் சொல்லுங்கள்: நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போயின. கையிருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. செலவில் பெரும்பகுதி சங்கத்துக்கு வாங்கிய 8×42 தொலைநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்). சட்டைப்பையில் அடங்கும் 10×25 மலிவுதான், ஆனால் கண்ணுக்குள் விழும் ஒளிவட்டம் அதில் 2.5 மில்லிமீட்டர், இதில் 5.25. மாலையில் கிளி தெரிவதும் தெரியாததும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. எடுத்துப் போகிறவர்கள் ஈரத்தோடு உறையில் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் போகாது. துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடுகாட்டி உலர்த்த வேண்டும். மற்ற விவரங்களைப் பொருளாளர் சொல்வார்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. சிலருக்கு இரண்டாண்டு பாக்கி இருக்கிறது. செய்தி அனுப்பியாயிற்று, நேரிலும் கேட்டாயிற்று.

மாலை நேரத்தில் நிற்க அனுமதித்த பூங்கா நிர்வாகத்துக்கும், பொந்து மரங்களை அடையாளம் காட்டிய தோட்டப் பணியாளர்களுக்கும், கூடம் தந்து உதவியவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு எட்டுப் பேர் வேண்டும். இரண்டு நிலை, நிலைக்கு இருவர், வாரம் மாற்றி வாரம் இரண்டு அணி. ஒருவருக்கு மாதத்தில் இரண்டு மாலைதான் வரும். எட்டுப் பேர் சேராவிட்டால் கணக்கை அரைகுறையாக நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இதைவிட நன்றாக நடத்தக்கூடியவர் யாரேனும் முன்வந்தால் பதிவேட்டையும் செயலாளர் பொறுப்பையும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். கணக்கு நிற்காமல் இருந்தால் போதும். பெயர் எழுதும் தாள் பொருளாளர் மேசையில் இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
குன்னூர்