வேணாம்னா விட்டுடுங்க, பூட்டி வெக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்த படத்த காட்டணும், எத காட்டக்கூடாதுங்கறது ஓடிடி கம்பெனியோட இஷ்டம், இதுல கருத்து சுதந்திரம் எங்க வந்துச்சுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பாதி சரி. மீதி பாதிக்குதான் இந்த லெட்டர்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. 2023 டிசம்பர்ல அன்னபூரணி தியேட்டருக்கு வந்தப்போ அம்மாவையும் கூட்டிட்டு போனேன், கோயில்ல பிரசாதம் பண்றவரோட பொண்ணு செஃப் ஆகறதுக்காக கறி சமைக்கற கதை, எங்க வீட்லயோ முட்டை கூட கிடையாது. கறி சமைக்கற சீன் வந்தப்ப அம்மா முந்தானைய எடுத்து மூக்குல வெச்சுகிட்டாங்க, ஆனா கடைசி வரைக்கும் எந்திரிக்கல, வர்ற வழியில "அந்த அப்பா பாவம்டி"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதே படம் மாசக் கடைசில நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு. ராமர் கறி சாப்பிட்டதா வர்ற வசனம், நமாஸ் சீன் இதையெல்லாம் வெச்சு புகார், மும்பைல கேஸ், ரெண்டு வாரத்துல படத்த தூக்கிட்டாங்க, படத்தோட தயாரிப்புல பங்கு இருந்த ஜீ நிறுவனம் விஸ்வ ஹிந்து பரிஷத்துக்கு மன்னிப்பு கேட்டு லெட்டரே கொடுத்துச்சு. சென்சார் சர்டிஃபிகேட் வாங்கின படம் சார் இது!

இட ஒதுக்கீட்ட எதிர்த்து பேசுதுன்னு 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தோட சர்டிஃபிகேட்ட மெட்ராஸ் ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. அந்த படத்தோட கருத்து எனக்கு சுத்தமா ஒத்துவராது. ஆனா 1989ல அதே கேஸ்ல சுப்ரீம் கோர்ட், போராட்டம் பண்ணுவோம் கலவரம் வரும்னு மிரட்டறதுக்கெல்லாம் பயந்து படத்த நிறுத்தக்கூடாது, பாதுகாப்பு கொடுக்கறது அரசாங்கத்தோட கடமைன்னு தீர்ப்பு சொல்லுச்சே, அது நூத்துக்கு நூறு சரி. அரசாங்கம் தடுத்தா அந்த தீர்ப்ப கையில எடுத்துட்டு போலாம், கம்பெனியே பயந்து தூக்கிட்டா எங்க போறது?

2004ல அமெரிக்கால, புஷ் அரசாங்கத்த கிழிச்சு மைக்கேல் மூர் எடுத்த ஃபாரன்ஹீட் 9/11 படத்த, தன்னோட கிளை கம்பெனி மிராமேக்ஸ் ரிலீஸ் பண்ணக்கூடாதுன்னு டிஸ்னி தடுத்துச்சு. சரி, அவங்க கம்பெனி, அவங்க முடிவு. ஆனா படத்த கைமாத்தி விட்டாங்க, வேற கம்பெனிங்க ரிலீஸ் பண்ணி அமெரிக்கால மட்டும் 11 கோடி டாலருக்கு மேல வசூல் ஆச்சு. இங்க இந்தி டைரக்டர் திபாகர் பானர்ஜி, காஷ்மீர் முஸ்லிம் குடும்பம் ஒண்ணோட மூணு தலைமுறைய வெச்சு நெட்ஃபிளிக்ஸ் காசுலயே டீஸ்னு ஒரு படம் எடுத்து முடிச்சாரு, அத அவங்க வெளியிடவே இல்ல, மனுஷன் வாங்கறதுக்கு வேற ஆள் தேட வேண்டியதாப் போச்சு. பல வருஷ உழைப்பு சார்.

வாங்காதீங்க, அது உங்க உரிமை. வாங்கி பொட்டில போட்டு பூட்டறதுதான் என்னால தாங்க முடியல. இத்தன மாசத்துக்குள்ள ரிலீஸ் பண்ணலன்னா உரிமை படம் எடுத்தவங்ககிட்டயே திரும்பிடணும்னு அக்ரிமெண்ட்லயே எழுதணும்னு நம்ம தயாரிப்பாளர்ங்க ஒண்ணா நின்னு கேக்கணும். பாதில தூக்கற படத்துக்கு, யார் சொல்லி எதுக்கு தூக்கறோம்னு ஸ்கிரீன்ல ஒரு வரியாவது போடட்டும். உங்க சினிமா பக்கத்துல ஓடிடி கம்பெனிக்காரங்கள கூப்பிட்டு இத கேளுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்