சொந்தத் தொழில் தொடங்கினாலும் வாடகை உதவி உண்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

“சொந்தமாகத் தொழில் தொடங்கினால் அரசு தரும் வாடகைக் காசை வெட்டிப்போடுவார்கள்” என்ற பேச்சு இங்கே லண்டனில் எங்கள் சனத்திடம் நன்றாக ஊறிக் கிடக்கிறது. கோயிலில் கேட்கிறேன், தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கும்போதும் கேட்கிறேன். அது பிழை. அந்தப் பேச்சை நம்பி வாடகைப் பாக்கிக்குள் விழுந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஹரோவில் மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்தேன். சமையலை வெளியாருக்குக் குத்தகைக்குக் கொடுத்ததும் எங்கள் வேலை போனது. 2025 வசந்தகாலத்தில் வீட்டிலிருந்தே ஷோர்ட் ஈட்ஸ் செய்து கொடுக்கத் தொடங்கினேன். மீன் ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், சாமத்திய வீட்டுக்குப் பலகாரம். முதல் மாதங்களில் மாவுக்கும் எண்ணெய்க்கும் ரின் மீனுக்கும் போக மிஞ்சியது மிகக் குறைவு. அந்த மாதங்களில் வாடகை கட்ட முடிந்தது, குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் தரும் யுனிவேர்சல் கிரெடிட் என்ற உதவியில் இருக்கும் வீட்டு வாடகைப் பகுதியால்தான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி வான் ஓடிப் பார்சல் கொடுக்கிறார். அவரும் புதிதாகச் சுயதொழிலுக்கு வந்தவர். “நான் இப்ப பிசினஸ்காரன், எனக்குத் தரமாட்டாங்கள் அக்கா” என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார். வானின் இன்சூரன்சும் டீசலும் ஒருபக்கம், வாடகை மறுபக்கம். மனைவியின் நகை அடகுக்குப் போன பிறகுதான் என்னிடம் கதைத்தார். பின்னோக்கிக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தோம். ஆனால் யுனிவேர்சல் கிரெடிட்டில் ஆகக்கூடியது ஒரு மாதத்துக்குத்தான் பின்னோக்கித் தருவார்கள். அதுவும் கடும் சுகயீனம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான். “எனக்குத் தெரியாது” என்பது காரணம் ஆகாது. அந்தத் தம்பி இழந்த மாதங்கள் இழந்ததுதான். முதல் காசு கையில் வர எப்படியும் ஐந்து கிழமை ஆகும். அதற்கிடையில் முற்பணம் கேட்டு வாங்கலாம், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். ஆகவே தொழில் தொடங்கிய கிழமையிலேயே விண்ணப்பியுங்கள்.

இன்னொரு விஷயம். இருக்கிற வேலையைத் தக்க காரணம் இல்லாமல் நாங்களாக விட்டுவிட்டுப் போய் விண்ணப்பித்தால், தண்டனையாகக் கொஞ்சக் காலம் காசைக் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. வேலையை விடுவதற்கு முன் ஆலோசனை கேளுங்கள்.

முன்பு கவுன்சில் (உள்ளூராட்சி சபை) கொடுத்த வாடகை உதவியான ஹவுசிங் பெனிஃபிட்டுக்கு வேலை செய்யும் வயதில் உள்ளவர்கள் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. தற்காலிகக் குடியிருப்பிலோ ஆதரவுடன் கூடிய குடியிருப்பிலோ இருந்தால் மட்டும் விலக்கு. மற்ற எல்லோருக்கும் யுனிவேர்சல் கிரெடிட்தான். அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் இன்றைக்கும் கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிஃபிட் கேட்கலாம். தம்பதியில் ஒருவர் அந்த வயதுக்குக் கீழே இருந்தால் பொதுவாக யுனிவேர்சல் கிரெடிட் பக்கம்தான் போகவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி ஓய்வூதியத்தோடு சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறா. அவவிடம் கவுன்சில் கேட்டது, வரும் மாதங்களில் எவ்வளவு வரும், எவ்வளவு செலவாகும் என்ற ஒரு மதிப்பீடு மட்டுமே.

யுனிவேர்சல் கிரெடிட் கேட்கும் எங்களைப் போன்ற சுயதொழில்காரருக்கு முதல் படி, அரச வேலைவாய்ப்பு அலுவலகமான ஜொப் சென்டரில் நடக்கும் நேர்காணல். இதுதான் உங்கள் முக்கிய வேலையா, ஒழுங்காகவும் தொடர்ந்தும் செய்கிறீர்களா, லாபம் வரும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். வெறும் வாய்ப்பேச்சோடு போகாதீர்கள். நான் கொண்டுபோனவை: வருமான வரித் திணைக்களத்தில் பதிந்ததற்கான கடிதம், உணவுத் தொழிலைக் கவுன்சிலில் பதிந்த மின்னஞ்சல், தொழிலுக்கென்று தனியாகத் திறந்த வங்கிக் கணக்கு, விலைப்பட்டியல், வாட்ஸ்அப்பில் போட்ட விளம்பரங்கள், பிறகு என் ஓடர்க் கொப்பி. வீட்டில் சமைத்து விற்பவர்கள் தொடங்குவதற்கு 28 நாளுக்கு முன் கவுன்சிலில் பதியவேண்டும். அது இலவசம்.

எல்லாவற்றையும் விடக் கைகொடுத்தது அந்தக் கொப்பிதான். ஒரு பக்கத்தில் திகதி, பெயர், எத்தனை ரோல்ஸ், முற்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது என்று பென்சிலால் எழுதியிருப்பேன். காசு வந்ததும் பேனாவால் சரி போடுவேன். “வரும் மாதம் என்ன ஓடர் இருக்கிறது?” என்று அந்த அலுவலர் கேட்டார். கொப்பியைத் திருப்பி அவர் பக்கமாக வைத்தேன். எண்ணெய்க் கறை படிந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், ஒரு பிறந்தநாள் ஓடரைப் பற்றிக் கேட்டார், அப்புறம் கணினியில் எழுதத் தொடங்கினார். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒழுங்கு செய்து தருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மறித்து அழைத்துப் போகத் தேவையில்லை.

நேர்காணலில் உங்கள் தொழிலை ஏற்றுக்கொண்டால் 12 மாதத் தொடக்க காலம் கிடைக்கும். அந்தக் காலத்தில் நீங்கள் உண்மையாக உழைத்த காசை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். 100 பவுண் வந்தால் 100 பவுண், நட்டம் என்றால் பூச்சியம். வேறு வேலை தேடச் சொல்லி அலைக்கழிக்கவும் மாட்டார்கள். தொழிலை வளர்க்க என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் இடைக்கிடை கூப்பிட்டுக் கேட்பார்கள்.

கணக்குக் கொடுப்பது மாதாமாதம். மாதம் என்றால் கலண்டர் மாதம் இல்லை. விண்ணப்பித்த திகதியை வைத்து ஒவ்வொருவருக்கும் தனி மாதம் உண்டு. எனக்கு 17ஆம் திகதி தொடங்கி அடுத்த 16இல் முடியும். முடிவதற்கு 7 நாள் முன்பிருந்தே அந்த மாதம் வந்த காசையும் போன காசையும் கணினியில் பதியலாம். முடிந்து 14 நாள் கடந்தும் பதியாமல் விட்டால் காசை நிறுத்திவைக்கலாம், அதற்குப் பிறகும் விட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடலாம். கையில் காசு எந்த மாதம் வந்ததோ அந்த மாதக் கணக்கில்தான் போடவேண்டும். தைக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் முற்பணம் வாங்கினால் அது ஐப்பசிக் கணக்கு. செலவும் அப்படியே. நான் பெரிய ஃப்ரீசர் வாங்கிய மாதம் நட்டத்தில் முடிந்தது. அந்த நட்டம் அடுத்த மாத லாபத்தில் கழிந்தது. ஓடர் கொண்டுபோய்க் கொடுக்கக் காரில் ஓடும் தூரத்துக்கு மாதம் 833 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ் கழிக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நேரத்துக்கும் ஒரு நிலையான தொகை உண்டு. மாதம் 25 மணிநேரம் தொட்டால் 10 பவுண், 50 தாண்டினால் 18, 100 தாண்டினால் 26. சின்னத் தொகைதான். ஆனால் எங்கள் உரிமை, ஏன் விடவேண்டும்? பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். மொத்தக் கடையில் தரும் அந்த மெல்லிய தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.

வருமான வரிக்கு ஆண்டுக் கணக்கு வேறு, இது வேறு. வரிக் கணக்கை அக்கவுண்டன் செய்து தருகிறார் என்று இதை விட்டுவிடக்கூடாது.

வாடகை என்றதும் முழு வாடகையும் வரும் என்று எண்ணவேண்டாம். தனியார் வீடு என்றால் அந்தப் பகுதிக்கென்று ஒரு உச்சத்தொகை உண்டு. 2024 ஏப்ரலில் நிர்ணயித்த அந்தத் தொகைகள் இன்னும் அப்படியே நிற்கின்றன, லண்டன் வாடகையோ நிற்கவில்லை. என் வாடகைக்கும் அவர்கள் ஒத்துக்கொண்ட தொகைக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்குக் கவுன்சிலிடம் தனியாக ஒரு வீட்டு உதவிக் கொடுப்பனவு கேட்கலாம். அவர்களுடைய விருப்பத்தில்தான் தருவார்கள், ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள். எங்கள் ஆட்கள் பலர் தெரிந்தவர் வீட்டில் அறை எடுத்து, கையில் காசு கொடுத்து, ஒப்பந்தம் ஏதுமில்லாமல் இருக்கிறார்கள். வாடகை உதவி கேட்டால் ஆதாரம் காட்டவேண்டி வரும். எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள், வாடகையை வங்கி மூலம் கட்டுங்கள். அண்ணன் வீட்டில் அண்ணனோடு ஒன்றாக இருந்து வாடகை கொடுக்கிறவர்களுக்கு இந்த உதவி கிடையாது. வீட்டுக்காரர்களுக்கும் சொல்லவேண்டும்: யுனிவேர்சல் கிரெடிட்டில் இருப்பவர் என்றதுமே வீடு இல்லை என்கிறீர்களே, அவர்களும் ஒழுங்காக வாடகை கட்டும் குடும்பங்கள்தான்.

இதற்கெல்லாம் முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். அரச நிதி உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு இருப்பவர்கள் விண்ணப்பித்தால் பிறகு விசாவில் பிரச்சினை வரும். பிரான்ஸ், ஒல்லாந்து, ஜேர்மனியில் இருந்து வந்து முன்-நிரந்தர நிலையில் (pre-settled status) இருப்பவர்களிடம் கூடுதல் கேள்விகள் கேட்பார்கள். ஆனால் உண்மையாகச் சுயதொழில் செய்வது அவர்களுக்குச் சாதகமான ஒன்று.

இனி, எனக்கு மனவருத்தமான பகுதி. 12 மாதம் முடிந்ததும் நீங்கள் எவ்வளவு உழைத்தாலும், குறைந்தது இவ்வளவு உழைத்ததாக வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். என் வயதுக்கும் மகளின் வயதுக்கும் 35 மணிநேரக் கிழமை என்று எடுக்கிறார்கள். 2025–26இல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது, அந்த ஆண்டுத் தொகைகளை வைத்தே பார்ப்போம். வரியும் தேசியக் காப்புறுதியும் கழித்தாலும் மாதம் 1,600 பவுணுக்கு மேல். என் லாபம் 900 பவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையும் வாடகையும் இருப்பதால் முதல் 411 பவுணைத் தொடமாட்டார்கள். மிச்சம் 489 பவுணில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் படி ஏறக்குறைய 269 பவுண் கழிப்பார்கள். தொடக்க காலம் முடிந்த மறுமாதம் அதே 900 பவுண்தான் கையில் வரும். ஆனால் 1,600 உழைத்ததாக எடுத்து 654 பவுண் கழிப்பார்கள். அந்த 385 பவுண் வித்தியாசம் நேராக வாடகையில்தான் விழும்.

எங்கள் மாதிரித் தொழிலில் ஆடி, ஆவணியில் திருவிழாவும் கொண்டாட்டமும். ஜனவரியில் ஃபோன் அடிக்காது. ஒரு நல்ல மாதத்தில் கூடுதலாக உழைத்ததை மெலிந்த மாதத்துக்குச் சரிக்கட்ட இந்தக் கணக்கில் இடமில்லை. நல்ல மாதம் வந்தால் உள்ளபடி கழிப்பார்கள், மெலிந்த மாதம் வந்தால் இல்லாத வருமானத்துக்குக் கழிப்பார்கள். இது நியாயமில்லை. தொடக்க காலத்தை இரண்டு ஆண்டாக்கவேண்டும், அல்லது ஆண்டு முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்க்கவேண்டும். என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் எழுதவேண்டும். ஒருமுறை இந்தச் சலுகைக் காலத்தைப் பாவித்தால் ஐந்து ஆண்டுக்கு மறுபடி கிடையாது, அதுவும் வேறு தொழிலுக்குத்தான். ஆகவே ஃப்ரீசர், மெஷின், பதிவு, விளம்பரம் போன்ற செலவுகளை முதலாண்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முடிவு தவறு என்று பட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. படிவம் நிரப்பித் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள். முதல் காசு வரும்வரை விண்ணப்பத்துக்குச் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இலவசமாக உதவுகிறது. எவ்வளவு கிடைக்கும் என்று டேர்ன்டுஅஸ் (Turn2us) இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம். வீட்டுக்கென்று கவுன்சிலுக்குக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸில் கிடைக்கும் குறைப்பு யுனிவேர்சல் கிரெடிட்டோடு தானாக வராது. அதைக் கவுன்சிலிடம் தனியாகக் கேட்கவேண்டும். இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் தோறும் இந்தத் தொகைகள் மாறுகின்றன. மார்ச் கடைசிப் பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்கிப் புதிய தொகைகளைத் தமிழில் வெளியிடுங்கள். விபரம் தெரிந்த நலன்புரி ஆலோசகர் ஒருவரிடம் சரிபார்த்துப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ