28 மூட்டில் என் பாதம் இல்லை

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ போனில் சொன்னபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்புறம் தம்பி வந்திருந்து விளக்கினான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் டொக்டரான உனக்குக் கே-24 என்று ஒரு ஆராய்ச்சி உதவிப் பணம் கொடுக்கிறதாம். ஐந்து வருடத்துக்கு உன் நேரத்தில் கால்பங்காவது நோயாளிகளோடு செய்யும் ஆராய்ச்சிக்கும், இளம் டொக்டர்மாரை அதில் பழக்குவதற்கும் ஒதுக்க வேண்டுமாம். நல்லது. "என்னத்தை அம்மா சொல்லிக்குடுக்கிறது, நானே இன்னும் படிக்கிறன்" என்று சிரித்தாய். அடுப்பில் பால் இருந்தபடியால் நான் அன்று மறுமொழி சொல்லவில்லை.

எனக்கு மருத்துவம் தெரியாது. கணக்கு ரீச்சராக 31 வருடம், மூட்டுவாத நோயாளியாக 18 வருடம். உனக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருந்தால் அது இந்த இரண்டாவதில்தான் இருக்கும்.

2006 கடைசியில் சிக்குன்குனியா வந்தது உனக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை சண்டையால் ஆவணியிலேயே பூட்டியாயிற்று. ஊரே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. மற்றவர்களுக்கு மெல்ல மெல்ல விட்டது, எனக்கு விடவில்லை. "சிக்குன்குனியா நோ இழுக்கும்" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனேன். வீதியில் பரப்பியிருந்த மணலில் வெறுங்காலோடு நடப்பது எவ்வளவு சுகம் என்று உனக்குத் தெரியும். எனக்கு அன்று கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. தெற்கு வீதி வரைக்கும்கூடப் போக ஏலவில்லை.

அது மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று பெயர் வைக்க மேலும் பல மாதம் போனது. கிளினிக்கில் ஒவ்வொரு மூட்டாக அமத்திப் பார்த்து எண்ணினார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் என்று மொத்தம் 28. பாதம் அதில் இல்லை. அந்தக் கணக்கைச் சுருக்கமாக வைப்பதற்காகப் பாதத்தை விட்டார்கள் என்று நீ பிறகு சொல்லித்தான் தெரிந்தது. கணக்கு ரீச்சருக்கு அது விளங்கும். அன்றைக்குக் கதிரையில் இருந்தவளுக்கு விளங்கவில்லை. காலை அவர்கள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லு என்றுதானே எங்களை வளர்த்தார்கள்.

நீ லீவில் வந்து நின்றபோது குசினி வாங்கில் இருந்து, வாதக்காரருக்கு அன்றாட வேலைகள் செய்ய ஏலுமா என்று கேட்கும் ஒரு படிவத்தை வாசித்தாய். 1980 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செய்தது, 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி என்றாய். சப்பாத்து நூல் கட்டுவீர்களா? இறைச்சி வெட்டுவீர்களா? புதுப் பால் பெட்டியைத் திறப்பீர்களா? எல்லாவற்றுக்கும் "கஷ்டமில்லை" என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் சப்பாத்துப் போட்டதுமில்லை, இறைச்சி தொட்டதுமில்லை. நீ பாதியில் எழும்பி மேல்தட்டைப் பார்த்தாய். இடியப்ப உரலில் தூசி படிந்திருந்தது. "இது எப்ப அம்மா கடைசியாப் பிழிஞ்சது?" என்று கேட்டாய். பக்கத்து வீட்டு அன்ரி இரண்டு வருடமாகப் பிழிந்து தருவதை அப்போதுதான் சொன்னேன். நீ படிவத்தின் ஓரத்தில் என்னவோ எழுதினாய். என்ன எழுதினாய் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

நீ பழக்குகிற பெடியளையும் பெட்டையளையும் ஒருநாளாவது அப்படி ஒரு குசினிக்குக் கூட்டிக்கொண்டு போ.

இன்னொன்று. சில வருடத்துக்கு முன் ஒரு பெடியன் ஆராய்ச்சிக்கென்று கேள்வி கேட்டான். காலமை மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம், 15 நிமிடமா, 30ஆ, 60ஆ? பேனை தாளிலேயே இருந்தது. நடு எண் என்பதால் 30 என்றேன். உண்மையில், எழும்பினவுடன் சாமி விளக்குக்குத் தீக்குச்சி உரச வராது. தும்புத்தடியை உள்ளங்கைக்குள் இடுக்கிக்கொண்டுதான் முற்றம் கூட்டுவேன். பிள்ளையார் கோயில் மணி கேட்கும்போதுதான் சேலைக் கொய்யகம் பிடிக்க விரல் மடியும். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணித்தியாலம். நான் சொன்ன 30 எங்கேயோ ஒரு சராசரிக்குள் போயிருக்கும். பெடியனில் பிழையில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு என்று அவனுக்குப் பக்கத்தில் இருந்து ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் பக்கத்தில் இருக்கிறவரும் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சி ஆசிரியர்கள் படிப்பிக்கும்போது நான் பின்வாங்கில் இருந்து பார்ப்பேன். ஒருத்தி இரண்டு எண்ணின் கூட்டலை வர்க்கிக்கும்போது நடு உறுப்பை விட்டுவிட்டாள். நான் எழும்பிப் போய், பிள்ளைகள் பார்த்திருக்க, கரும்பலகையில் திருத்தினேன். அன்றிலிருந்து அவள் கொப்பியைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதவில்லை. பயிற்சி முடிந்து போகும்போது எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த வணக்கம் இப்போதும் குத்துகிறது. அதற்குப் பிறகு யாரையும் வகுப்பு முடிந்து வேப்பமரத்தடியில் வைத்துத்தான் திருத்தினேன்.

ஒமராக்ட் என்று வாத ஆராய்ச்சிக்காரர்களின் கூட்டம் 1992 இல் தொடங்கியது, 2002 இல்தான் நோயாளிகளையும் கூப்பிட்டுச் சேர்த்து இருத்தினார்கள் என்று ஒருமுறை சொன்னாய். வந்தவர்கள் வலியோடு களைப்பையும் கேளுங்கள் என்றார்களாம். பத்து வருடம் அதை ஒருவரும் கேட்கவில்லையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன், நானும் களைப்பை ஒரு டொக்டரிடமும் சொன்னதில்லை. "ஏலாது" என்பேன். முடியவில்லை, சுகமில்லை, மனமில்லை, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஒரு சொல்தான். மொழிபெயர்க்கிறவர் அதில் எதை எழுதுவார்? உன்னிடம் ஸ்பானிய மொழிக்காரர் நிறைய வருகிறார்கள் என்றாய். அவர்களிடமும் இப்படி ஒரு சொல் இருக்கும், அதைத் தேடிப் பிடிக்கச் சொல்லு. 1847 இல் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் படிப்பித்து, பிறகு தமிழிலேயே படிப்பித்தார், தமிழில் மருத்துவப் புத்தகங்களும் கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கே அது தோன்றியிருக்கிறது.

என்னைப் பற்றி யோசிக்காதே. ஞாயிறு வாத மருந்தான மெதொட்ரெக்சேற் போடும் நாள், கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன், கிழமைக்கு ஒருக்கால்தான் போடுகிறேன். போலிக் அசிட் புதன்கிழமை. இரத்தம் போன கிழமை சோதித்தது, சரியாம். பனங்கட்டி அனுப்பத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.

புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி நோயாளிகளோடு கதைக்கக் கூச்சப்படுகிறாள் என்றாயே, அவளை ஒருநாள் வீடியோவில் என்னோடு விடு. நீ பக்கத்தில் இருந்து தமிழாக்கிச் சொல்லு. என்னைக் கேட்டுப் பழகட்டும். ஆனால் இடியப்ப உரல் கதையை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதே. நான் முதலில் "கஷ்டமில்லை" என்றுதான் சொல்லுவேன்.

அன்புடன்,
அம்மா