குன்றக்குடி அடிவாரத்தில் உதவிய பெரியவருக்கு நன்றி

கடந்த ஞாயிறு மாலை, குன்றக்குடி மலையடிவாரத்தில் எங்கள் காரின் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வயதான தாயாருடன் செய்வதறியாது நின்ற எங்களைக் கண்டு, காரைக்குடிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் தம் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். அவரோ முகப்பு விளக்கைப் போடச் சொல்லி மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு அடியோடு அணைந்தது. ஆனால் அந்த நொடியிலும் பேட்டரியின் ஈய முனைகளில் வைத்த மீட்டர் 12.4 வோல்ட்டிலிருந்து இறங்கவில்லை. "பேட்டரியில் சத்து இருக்கிறது தம்பி, வெளியே வர வழிதான் இல்லை" என்றார். பாசிட்டிவ் முனையின் கவ்விக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த பொடியைச் சுட்டிக்காட்டினார்.

பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்கக்கூடாது என்பதற்காக, நெகட்டிவை முதலில் கழற்றினார். டீக்கடையில் வாங்கிய வெந்நீரை ஊற்றித் துடைத்து, ஈயம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கி, வாசலின் தடவி, நெகட்டிவைக் கடைசியாக மாட்டினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் உயிர்பெற்றது.

பணம் வாங்க மறுத்து, பெயரும் சொல்லாமல் புறப்பட்ட ஐயா, புது பேட்டரிக்கான செலவையும் இருட்டில் என் தாயார் படவிருந்த அலைச்சலையும் தவிர்த்த உங்களுக்கு எங்கள் குடும்பத்தாரின் மனமார்ந்த நன்றி.